பட்டாணியைப் பாட்டிலில் அடைத்த மிட்டாய்க்காரர்



சீசன் நேரத்தில் நம் கேட் வாசலில் வண்டி நின்றால், ஒரு கிலோ வாங்கப் போனவர் மூன்று கிலோவோடு திரும்புவது வழக்கம். இரண்டு நாள் சாப்பிடுவோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம். அவர்களும் அதே வண்டியில்தான் வாங்கியிருப்பார்கள். மிச்சம் ஃப்ரிட்ஜுக்குள் போய், ஒரு வாரம் கழித்து ஈரக்குப்பைத் தொட்டிக்கு வந்து சேரும்.

நம் பாட்டிமார்களுக்கு இதற்கு இரண்டு வழிகள் தெரிந்திருந்தன. வெயிலில் காயவைத்தால் வற்றல், உப்பும் எண்ணெயும் சேர்த்தால் ஊறுகாய். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உணவைக் கண்ணாடி பாட்டிலில் காற்றுப்புகாமல் மூடி, பாட்டிலோடு சேர்த்துக் கொதிநீரில் வைத்து எடுப்பது. கடையில் நாம் வாங்கும் டின் அன்னாசி, டின் பட்டாணி எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். வீட்டிலும் செய்யலாம். நம்மில் சிலர் அண்மையில் செய்து பார்க்கத் தொடங்கியிருப்பதால், இந்த இதழில் அந்த வழியைக் கண்டுபிடித்தவரின் கதையைச் சொல்கிறோம். கடைசியில் முதல் பாட்டிலை எப்படித் தொடங்குவது என்பதும் இருக்கிறது.

அவர் பெயர் நிக்கோலா அப்பேர். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் அப்பர்ட் என்பார்கள். அவர் விஞ்ஞானி அல்ல, கல்லூரிப் படிப்பும் இல்லை. சமையற்காரர், பிறகு மிட்டாய்க் கடைக்காரர்.

சத்திரத்தில் வளர்ந்த பிள்ளை

பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் அன்று ஷாலோன்-சூர்-மார்ன் என்று அழைக்கப்பட்ட ஊரில், 1749 நவம்பர் 17 அன்று அப்பேர் பிறந்தார். பெற்றோர் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றை நடத்தினார்கள். வீடு நிறையப் பிள்ளைகள், அதில் இவர் ஒன்பதாவது. பள்ளிக்கூடத்தை விட விடுதியின் சமையற்கட்டும் நிலவறையும்தான் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தன. பீர் காய்ச்சுவது, பழத்தைச் சர்க்கரைப் பாகில் போடுவது, இறைச்சியை உப்பில் ஊறவைப்பது, திராட்சை மதுவைப் பாட்டிலில் அடைப்பது என்று எல்லாவற்றையும் கைவேலையாகவே கற்றார்.

பகுதியின் பெயரைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். ஷாம்பெயின் மது பாட்டிலுக்குள் நுரைத்து அழுத்தம் கொடுக்கும். அதைத் தாங்க அந்தப் பகுதியில் கனமான கண்ணாடி பாட்டில்கள் செய்தார்கள். தக்கையை இறுக்கி, அது பிய்த்துக்கொண்டு போகாமல் கம்பியால் கட்டினார்கள். சிறுவயதில் பார்த்துப் பழகிய அந்தக் கனத்த பாட்டிலும் கம்பி கட்டிய தக்கையும்தான் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தன.

1770-களில் அவர் இன்றைய ஜெர்மனியில் உள்ள ஸ்வைப்ரூக்கன் சிற்றரசரின் அரண்மனையில் சமையல் பொறுப்பில் சேர்ந்தார். அரசர் 1775-இல் இறந்த பிறகு அவருடைய மனைவியின் மாளிகையில் வேலையைத் தொடர்ந்தார். பெரிய விருந்துகளுக்குச் சமைப்பவருக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. நல்ல காய் கிடைக்கும் மாதத்தில் விருந்து வராது, விருந்து வரும் மாதத்தில் நல்ல காய் கிடைக்காது.

இனிப்புக் கடையும் சிறையும்

1784-இல் பாரிஸ் வந்து, லோம்பார் தெருவில் இனிப்புக் கடை திறந்தார். அந்தக் காலத்து மிட்டாய்க்கடை என்பது வெறும் மிட்டாய் விற்கும் இடம் அல்ல. பழப்பாகு, ஜாம், சர்க்கரையில் ஊறிய பழம், வாசனைத் தண்ணீர் என்று பருவம் தவறியும் பழத்தின் ருசியைத் தரும் கடை. வியாபாரம் நன்றாக நடந்தது. மறு ஆண்டு திருமணம் ஆயிற்று, பிள்ளைகளும் பிறந்தார்கள்.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அப்பேர் தம் வட்டாரத்துப் புரட்சிக் குழுவில் முனைப்பாக இறங்கினார். ஆனால் புரட்சி தன் ஆட்களையே சந்தேகிக்கத் தொடங்கிய காலம் அது. 1794 ஏப்ரலில் அவரையும் கைது செய்தார்கள். அந்த நாட்களில் சிறைக்குள் போனவர்களில் பலர் நேராக கில்லட்டினுக்குத்தான் போனார்கள். சுமார் மூன்று மாதம் உள்ளே இருந்தார். ஜூலை இறுதியில் ரோபஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது. அப்பேர் உயிரோடு வெளியே வந்தார்.

அப்போது அவருக்கு வயது 44. அரசியலை விட்டு ஒதுங்கி, பாரிஸுக்கு வெளியே உள்ள இவ்ரி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் 1795 முதல் பாட்டில்களோடு முழுமூச்சாக மல்லுக்கட்டத் தொடங்கினார்.

இங்கே ஒரு பிரபலமான கதையைத் திருத்திவிட வேண்டும். படையினருக்குக் கெடாத உணவு தருபவருக்கு நெப்போலியன் 12,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தார், அதை வெல்லத்தான் அப்பேர் ஆய்வில் இறங்கினார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்பேர் வேலையைத் தொடங்கியபோது நெப்போலியன் ஆட்சியிலேயே இல்லை. அவர் அதிகாரத்துக்கு வந்தது 1799-இல். 12,000 ஃபிராங்க் உண்மைதான், ஆனால் அது வந்தது 15 ஆண்டு உழைப்புக்குப் பிறகு.

நான்கே படிகள்

அப்பேரின் குறை இதுதான். காயவைத்தால் காய் விறைத்து மணம் போய்விடுகிறது. உப்பிட்டால் ருசி போய்விடுகிறது. சர்க்கரை சேர்த்தால் பழத்தின் சுவையை அது மூடிவிடுகிறது, விலையும் அதிகம். எதையும் சேர்க்காமல், பறித்த அன்றைய ருசியோடு ஓராண்டு வைத்திருக்க முடியாதா?

விடையைப் படித்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். முதலில், உணவைப் பாட்டிலில் போடுவது. இரண்டாவது, மிகக் கவனமாக மூடுவது. மூன்றாவது, மூடிய பாட்டிலைக் கொதிநீரில் அந்தந்த உணவுக்கு ஏற்ற நேரம் வைப்பது. நான்காவது, நேரம் முடிந்ததும் எடுப்பது.

எளிய வழிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஆண்டுக்கணக்கில் பாட்டில்கள் வெடித்தன, தக்கைகள் கசிந்தன, பட்டாணி புளித்தது. சாதாரண பாட்டிலின் கழுத்து குறுகல், பெரிய காய் உள்ளே போகாது. எனவே கண்ணாடிக்காரர்களிடம் சொல்லி வாய் அகன்ற பாட்டில்கள் செய்யச் சொன்னார். வாய் அகன்றால் அதற்கேற்ற தக்கை கிடைக்காது. எனவே தக்கைத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக்கினார். தக்கையில் உள்ள நுண்துளைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்து ஒட்டினார். கொதிக்கும்போது பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து உடையாமல் இருக்க, ஒவ்வொன்றையும் துணிப் பையில் போட்டு அண்டாவில் அடுக்கினார்.

அவருக்குத் தெர்மாமீட்டரை விடக் கைப்பழக்கம்தான் துணை. எந்தக் காய்க்கு எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துத்தான் எழுதிவைத்தார். பட்டாணிக்கு ஒன்று, பீன்ஸுக்கு ஒன்று, பாலுக்கு வேறு. ஒரு காயின் நேரத்தை இன்னொரு காய்க்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை முதலில் உணர்ந்தவர் அவர்தான்.

கப்பலில் போன பட்டாணி

1800-களின் தொடக்கத்தில் பாரிஸுக்குத் தெற்கே உள்ள மாஸி என்ற ஊரில் நிலம் வாங்கி, பட்டறை அமைத்தார். சுற்றிலும் பட்டாணியும் பீன்ஸும் பயிரிட்டார். காலையில் பறித்தது மாலைக்குள் பாட்டிலில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. உலகின் முதல் பதன உணவுத் தொழிற்சாலை என்று இதைச் சொல்வார்கள்.

அந்த நாளில் கடற்படைக்கு உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த ரொட்டியும்தான் உணவு. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் எதிரியின் குண்டை விட நோயாலும் மோசமான சாப்பாட்டாலும்தான் அதிகம் இறந்தார்கள். 1803-இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் அப்பேரின் பாட்டில்களைக் கடற்படை சோதித்தது. மூன்று மாதம் வைத்திருந்து திறந்தபோது சூப்பும் இறைச்சியும் சாப்பிடும்படி இருந்தன. பட்டாணியும் பீன்ஸும் அப்போது பறித்தவை போல இருந்ததாக அறிக்கை எழுதினார்கள். பாரிஸின் புகழ்பெற்ற உணவு விமரிசகர் கிரிமோ த லா ரெய்னியேரும் அவருடைய பட்டாணியைப் பாராட்டி எழுதினார்.

பாராட்டு வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1806-இல் பாரிஸில் நடந்த தொழில் கண்காட்சியில் தம் பாட்டில்களை வைத்தார். பரிசு ஏதும் கிடைக்கவில்லை. கண்ணாடி பாட்டில் விலை கூடியது, வழியில் உடையும், சரக்கு வசதி உள்ளவர்களின் மேசைக்குத்தான் போனது. 1809-இல் தேசியத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் ஒரு குழுவை வைத்து அவர் முறையை ஆராய்ந்தது. உருளைக்கிழங்கைப் பிரெஞ்சுக்காரர்களைச் சாப்பிட வைத்த பார்மாந்தியே அந்தக் குழுவில் ஒருவர். அறிக்கை அப்பேருக்குச் சாதகமாக வந்தது.

காப்புரிமையா, புத்தகமா?

இதற்குப் பிறகுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவு. உள்துறை அமைச்சகம் அவர் முன்னால் இரண்டு வழிகளை வைத்தது. ஒன்று, காப்புரிமை வாங்கிக்கொள்ளலாம். முறை அவருக்கே சொந்தம், பயன்படுத்துபவர்கள் பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, முறையை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக அரசு ஒரு தொகை தரும்.

அவருக்கு அப்போது 60 வயது. கையில் செல்வம் இல்லை. காப்புரிமை வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டார். 1810 ஜனவரியில் அமைச்சர் மோந்தாலிவே 12,000 ஃபிராங்க் வழங்க ஒப்புக்கொண்டார். அப்பேர் தம் செலவில் புத்தகத்தை அச்சிட்டு 200 பிரதிகளை அரசிடம் தர வேண்டும் என்பது நிபந்தனை.

அதே ஆண்டில் புத்தகம் வந்தது. விலங்கு, தாவர உணவுகள் எல்லாவற்றையும் பல ஆண்டுகள் கெடாமல் வைத்திருக்கும் கலை என்பது தலைப்பின் பொருள். அந்தத் தலைப்புக்கு மேலே, எல்லா வீடுகளுக்குமான நூல் என்ற பொருளில் ஒரு வரியையும் சேர்த்திருந்தார். தொழிற்சாலைக்காரர்களுக்கு எழுதியதாக அவர் நினைக்கவில்லை. வீட்டில் அடுப்பும் அண்டாவும் உள்ளவர்கள் எல்லோரும் செய்ய வேண்டும் என்பதுதான் எண்ணம். பாட்டில் எப்படி இருக்க வேண்டும், தக்கையை எப்படித் தட்டி இறக்க வேண்டும், கம்பியை எப்படிக் கட்ட வேண்டும், அண்டாவில் எவ்வளவு தண்ணீர் என்று கைபிடித்துச் சொல்லிக்கொடுப்பது போல எழுதினார். வீட்டில் உணவைப் பாட்டிலில் அடைப்பதற்கான முதல் வழிகாட்டி அதுதான். ஜெர்மனிலும், 1811-இல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்புகள் வந்தன.

கால்வாய்க்கு அப்பால் தகரப் பெட்டி

திறந்துவைத்த கதவு எல்லோருக்கும்தான் திறந்திருக்கும். புத்தகம் வந்த அதே 1810-ஆம் ஆண்டு ஆகஸ்டில், லண்டனில் பீட்டர் டியூராண்ட் என்ற வணிகர் இதே முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளிநாட்டிலுள்ள ஒருவர் தமக்குத் தெரிவித்த முறை என்று அவரே விண்ணப்பத்தில் குறித்திருந்தார். கண்ணாடி மட்டுமின்றி வெள்ளீயம் பூசிய தகரப் பெட்டியையும் அந்தக் காப்புரிமை உள்ளடக்கியது. பிறகு அது பிரையன் டான்கின் என்ற பொறியாளரின் கைக்கு 1,000 பவுண்டுக்குப் போனதாகச் சொல்வார்கள். டான்கினும் கூட்டாளிகளும் லண்டனில் பெர்மண்ட்ஸி பகுதியில் தொழிற்சாலை வைத்து, 1813 முதல் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தகரப் பெட்டியில் உணவு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் பிரான்சும் பிரிட்டனும் போரில் இருந்தன. ஒரு பிரெஞ்சுக்காரரின் கண்டுபிடிப்பு எதிரி நாட்டுக் கப்பல்களில் பயணம் போயிற்று.

தகரப் பெட்டி உடையாது, எடை குறைவு. ஆனால் அதைத் திறக்க உளியும் சுத்தியலும் வேண்டியிருந்தது. டின் திறப்பான் வந்தது ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்துத்தான்.

இழப்பும் முதுமையும்

1814-லும் 1815-லும் நெப்போலியன் தோற்றபோது, அந்நியப் படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்தன. மாஸியில் இருந்த அப்பேரின் தொழிற்சாலை அதில் நாசமாயிற்று. 65 வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அரசு பாரிஸில் ஓர் இடம் கொடுத்தது. அங்கே தகரப் பெட்டியிலும் வேலை செய்யத் தொடங்கினார். பாலைச் சுண்டவைத்துப் பாதுகாப்பது, சூப்பைக் கட்டியாக்குவது, எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுப்பது என்று அவர் கைவைக்காத விஷயம் இல்லை. தண்ணீரைச் சாதாரணக் கொதிநிலைக்கு மேல் சூடாக்க, மூடிய அழுத்தப் பாத்திரத்தையும் பயன்படுத்தினார். நம் குக்கருக்குத் தாத்தா என்று சொல்லலாம்.

1822-இல் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் அவருக்கு மனிதகுலத்தின் நன்மை செய்தவர் என்ற பட்டத்தைக் கொடுத்தது. பட்டத்தால் வாடகை கட்ட முடியாது. 1820-களின் இறுதியில் அரசு கொடுத்த இடமும் கைவிட்டுப் போயிற்று. ஆனாலும் 1831-இல், 80 வயதைக் கடந்த நிலையில், புத்தகத்தின் நான்காம் பதிப்பைத் திருத்திக் கொண்டுவந்தார். புதிதாகத் தெரிந்ததையெல்லாம் அதிலும் எழுதிவைத்தார். 1836-இல்தான் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார்.

1841 ஜூன் 1 அன்று மாஸியில் இறந்தார். வயது 91. பணம் இல்லாததால் ஏழைகளுக்கான பொதுக் குழியில் அடக்கம் செய்தார்கள். அவர் பெயரில் பிரெஞ்சு மொழியில் ஒரு சொல் இருக்கிறது. பாஸ்டர் பெயரில் பாஸ்டரைசேஷன் இருப்பது போல, மூடிவைத்துக் கொதிக்கவைக்கும் முறைக்கு அப்பேர்திசேஷன் என்று பெயர். 1955-இல் பிரான்ஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவருக்குத் தெரியாத ஒன்று

தம் முறை ஏன் வேலை செய்கிறது என்பது அப்பேருக்குக் கடைசிவரை தெரியாது. வெப்பமும் காற்றை விலக்குவதும் சேர்ந்து உணவைக் காக்கின்றன என்று நம்பினார். பெரிய வேதியியல் அறிஞர் கே-லூசாக் அவருடைய பாட்டில்களைச் சோதித்து, உள்ளே ஆக்ஸிஜன் இல்லை, அதனால்தான் கெடவில்லை என்று முடிவு சொன்னார். அந்த முடிவு தவறு. உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், கொதிநீர் அவற்றைக் கொல்கிறது என்பதை லூயி பாஸ்டர் 1860-களில்தான் நிறுவினார். அப்பேர் இறந்தபோது பாஸ்டருக்கு 18 வயது.

காரணம் தெரியாமல் ஒரு முறையைப் பின்பற்றினால் ஒருநாள் அது கைவிடும். 1852-இல் இங்கிலாந்தில் கடற்படைக் கிடங்கில் தகரப் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, ஆயிரக்கணக்கில் அழுகிக் கிடந்தன. ஒப்பந்தக்காரர் பெட்டியைப் பெரிதாக்கியிருந்தார். பெரிய பெட்டியின் நடுப்பகுதிக்கு வெப்பம் சரியாக எட்டவில்லை என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று பிறகுதான் தெரியவந்தது. 1890-களின் இறுதியில் பெல்ஜியத்தில் வான் எர்மெங்கம் என்ற அறிஞர், கெட்ட பன்றி இறைச்சி சாப்பிட்டுச் சிலர் இறந்த ஒரு சம்பவத்தை ஆராய்ந்து, போட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார். இந்தக் கிருமி மண்ணில் சாதாரணமாக இருக்கும். இதன் விதைகள் போன்ற வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாகாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். நன்றாக மூடிய பட்டாணி பாட்டில் அதற்கு அப்படிப்பட்ட இடம்தான். நஞ்சு இருக்கும் உணவில் நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் இருக்கலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது இவை அதன் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனவே அப்பேரை வணங்குவோம், ஆனால் அவருடைய பட்டாணிச் செய்முறையை நம் வீட்டில் செய்ய வேண்டாம். புளிப்பில்லாத காய்கள், பருப்பு, இறைச்சி, மீன் இவற்றுக்கு 121 டிகிரியை எட்டும் பிரத்யேக அழுத்தக் கலன் வேண்டும். நம் வீட்டு குக்கரும் அந்தச் சூட்டை எட்டும்தானே என்று கேட்கலாம். எட்டும். ஆனால் குக்கர் சிறியது, சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். சோதித்து எழுதப்பட்ட நேரக் கணக்குகள் பெரிய கலனுக்கு உரியவை, குக்கருக்குப் பொருந்தாது. புளிப்புள்ள பழங்களில் இந்தக் கிருமி முளைக்காது. தொடங்குபவர்களுக்குப் பழம்தான் சரியான இடம்.

நம் அடுப்பில் முதல் பாட்டில்

அன்னாசிப் பழ ஜாமில் தொடங்குங்கள். பழத்திலேயே புளிப்பு இருக்கிறது, தவறு நேர வாய்ப்புக் குறைவு. அப்பேரின் அதே நான்கு படிகள்தான்.

1. நிரப்புவது. நறுக்கிய அன்னாசி 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், இரண்டு எலுமிச்சையின் சாறு. அடிகனமான பாத்திரத்தில் கிளறி, ஜாம் பதம் வந்ததும் சூடாகவே பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டில்கள் 250 மில்லி அளவில் சிறியவையாக, கழுவிச் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த பாட்டிலில் சூடான ஜாமை ஊற்றினால் விரிசல் விடும். மேலே 6 மில்லிமீட்டர் காலியாக விடுங்கள். ஒரு கரண்டிக் காம்பை விட்டு உள்ளே உள்ள காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

2. மூடுவது. பாட்டிலின் விளிம்பைச் சுத்தமான ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு துளி ஜாம் ஒட்டியிருந்தாலும் மூடி சரியாகப் பிடிக்காது. அப்பேர் தக்கைக்குக் காட்டிய அக்கறையை நாம் மூடிக்குக் காட்ட வேண்டும். பழைய ஜாம் பாட்டிலின் மூடியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், புது மூடி வாங்குங்கள்.

3. கொதிக்கவைப்பது. ஆழமான பாத்திரத்தின் அடியில் மடித்த துணியோ கம்பித் தட்டோ போட்டு, பாட்டில்களை நிறுத்துங்கள். மூடிக்கு மேல் 2.5 சென்டிமீட்டர் சுடுதண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம். இது கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களுக்கான கணக்கு. உயரமான ஊரில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பெங்களூருவில் உள்ள மகளுக்குச் சொல்வதானால் 15 நிமிடம், ஊட்டிக்கு 20 நிமிடம் என்று சொல்லுங்கள்.

4. எடுப்பது. அடுப்பை அணைத்து 5 நிமிடம் கழித்து, பாட்டில்களை நேராகத் தூக்கி ஒரு துண்டின் மேல் வையுங்கள். ஒருநாள் முழுக்க அசைக்க வேண்டாம். ஆறும்போது மூடி உள்பக்கம் இழுபடும், சில மூடிகள் டக்கென்று ஒலி எழுப்பும். முதல்முறை செய்பவர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்பதுதான் பெரிய சந்தோஷம். மறுநாள் மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் வெளியே வந்தால் மூடி பிடிக்கவில்லை. அந்தப் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

பாட்டிலின் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஓராண்டுக்குள் பயன்படுத்துங்கள். திறந்தபின் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடி உப்பியிருந்தாலோ, ஒழுகினாலோ, திறக்கும்போது நுரைத்தாலோ, ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

அடுத்த முயற்சிக்குச் சில குறிப்புகள். பப்பாளி, வாழை, அத்தி ஆகியவை பழமாக இருந்தாலும் புளிப்பு குறைந்தவை. சோதித்த செய்முறை இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம். தக்காளி நடுத்தரம். அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தே ஆக வேண்டும், கொதிக்கும் நேரமும் ஜாமை விட மிக அதிகம். உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது வேண்டவே வேண்டாம். உப்பும் புளிப்பும் நிறைந்த நம் ஊறுகாய் வேறு கணக்கு. அதற்குப் பாட்டியின் பக்குவமே போதும்.

தனியாகச் செய்தால் பழம் நறுக்குவதிலேயே கை ஓய்ந்துவிடும். ஒரே தளத்தில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு ஞாயிறு காலை செய்தால் பேச்சும் நடக்கும், வேலையும் முடியும். பிள்ளைகளுக்கு லேபிள் எழுதும் வேலையைக் கொடுங்கள், கொதிநீர்ப் பக்கம் விடாதீர்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது என்ன பழம், என்ன அளவு, எத்தனை நிமிடம் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். 1810-இல் அந்த மிட்டாய்க்காரர் ஊருக்கெல்லாம் கொடுத்தது அந்தச் சீட்டைத்தான்.

உங்கள் முதல் பாட்டில் எப்படி வந்தது என்பதை இரண்டு வரியில் எழுதி, ஒரு படத்தோடு சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.